மஞ்சள் துணியும் செம்புக் கேபிளும்

எங்கள் தோட்டத்துக்கு ரேடியோ டெலிபோன் வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இரண்டு பெட்டிகள். ஒன்று கீழே ஸ்டோரில், மற்றது நாலு மைலுக்கு அப்பால் மேல் டிவிசன் ஆபீசில். ஒன்றில் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றதில் கேட்கும். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். நான் அந்த ஸ்டோரின் என்ஜின் ரூமில் வேலை பார்த்தேன்.

பெட்டி வந்ததற்குக் காரணம் மேல் டிவிசன் ரோடு. மழைக்காலத்தில் அந்த ரோடு எங்காவது ஓர் இடத்தில் சரிந்துவிடும். சரியும்போது டெலிபோன் கம்பத்தையும் கூட இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு மேலே இருப்பவர்களுக்கு என்ன நடந்தாலும் ஓர் ஆள் இறங்கி வந்து சொன்னால்தான் உண்டு.

முந்தின வருஷம் அப்படி ஓர் ஆள் இறங்கி வந்தார். என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தாய் வீடு மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். விடிந்ததும் வலி கண்டிருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி பயந்துபோய் ஆள் அனுப்பியிருக்கிறாள். அந்த மனுஷர் சரிவைச் சுற்றிக் காட்டுக்குள் இறங்கி, கால் முழுக்க அட்டைக் கடியோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றபோது மத்தியானம் ஆகிவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரை நாங்கள் டாக்டர் ஐயா என்று கூப்பிடுவோம். அவரும் நானும் மேலே போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை. மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசத் தெரியவில்லை என்பதுதான் சரி.

அவள் மறுபடி முழுகாமல் இருந்தபோதுதான் பெட்டி வந்தது.

என் அம்மா உயிரோடு இல்லை. என் ஒற்றை அறைக் காம்பராவில் நான் ஒருவன்தான், நானோ பகல் முழுக்க என்ஜினோடு கிடப்பவன். ஆகவே இந்த முறையும் ஏழாம் மாதம் அவள் தாய் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. கை நிறைய வளையலோடு லொறியில் ஏறும்போது, "அதான் பெட்டி வந்திருச்சில்ல, அப்பறம் என்ன" என்றாள். என்னைத் தைரியப்படுத்தச் சொன்னாளா, தன்னைத்தானே தேற்றிக்கொண்டாளா என்று தெரியவில்லை. பிரசவம் ஐப்பசிக் கடைசியில் இருக்கும் என்று டாக்டர் ஐயா சொல்லியிருந்தார். ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தால் விளக்கு வைக்கும்வரை விடாது.

பெட்டிகளைப் பூட்டிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மெக்கானிக் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் அவரைச் சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். அவருடைய தமிழ் அரைகுறை, என் சிங்களமும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பேச்சு வந்தது. ஸ்டோர் கூரை உச்சியில் ஓர் இரும்புக் குழாயை நட்டு அதில் ஏரியலைக் கட்டினார். அங்கிருந்து விரல் பருமனில் ஒரு கறுப்புக் கேபிள் சுவரோரமாக இறங்கி, கீழ்த்தளத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவின் ஆபீசுக்குள் போய்ப் பெட்டியின் முதுகில் முடிந்தது. நூற்றிருபது அடி. கூரையில் கேபிளும் ஏரியலும் சேர்கிற மூட்டைத் தார் பூசிய நாடாவால் மூன்று சுற்றுச் சுற்றி அழுத்தினார். பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது என்ஜின் ரூம் வேலை. அதனால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது.

தினமும் காலை பத்து மணிக்கு ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும். மேலே இருந்து கணக்கப்பிள்ளை பேசுவார். சத்தம் எப்படி என்று கேட்பார், நல்லா இருக்குங்க என்பேன், முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் என் மனைவியைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைப்பார். இங்கே டீ மேக்கர் ஐயா வரிசையாகக் கோப்பைகளை வைத்துக்கொண்டு தேத்தண்ணி ருசி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காதுபட மனைவியிடம் என்ன பேசுவது?

"மழையா?" என்பேன்.

"இல்லீங்க. மூட்டமா இருக்கு" என்பாள்.

"சரி."

பொத்தானை விட்டுவிடுவேன். ஒரு ஞாயிறு டீ மேக்கர் ஐயா வாயில் இருந்த தேத்தண்ணியைத் துப்பிவிட்டு, "ஏம்பா, நீ பொண்டாட்டிக்கிட்டப் பேசுறியா, வானிலை அறிக்கை வாசிக்கிறியா?" என்று கேட்டார். நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு அந்த 'மூட்டமா இருக்கு' போதும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்கு மூச்சு வாங்குகிறதா, சளி பிடித்திருக்கிறதா, காலையில் அழுதிருக்கிறாளா, எல்லாம் அந்த இரண்டு சொல்லில் கேட்கும். அவ்வளவு தெளிவாக இருந்தது அந்தக் குரல். நேரில் பேசும்போதுகூட நான் அவளை அப்படிக் கவனித்துக் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை புரட்டாசி நடுவிலேயே வந்துவிட்டது. ஸ்டோரில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. முதல்நாளே என்ஜினை நிறுத்தி, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டுவோம். பிறகு ரோலர், தராசு, கூடை, ஸ்பேனர், எண்ணெய்க் குவளை என்று ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். டீ மேக்கர் ஐயா வெள்ளை வேட்டியோடு பின்னாலேயே வந்து, "ஒண்ணையும் விட்றாதீங்கப்பா, வருஷம் பூரா நமக்காக ஒழைக்கிது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. கூரைக்கு ஏறினேன். கேபிள் ஏரியலோடு சேரும் இடத்தில் அந்தத் தார் நாடா புகையும் தூசியும் ஒட்டி, புண்ணுக்குக் கட்டிய பழந்துணி மாதிரி இருந்தது. அவள் குரல் முதலில் வந்து இறங்குகிற இடம் அது. நல்ல நாளில் அதை அப்படி அழுக்காக விட எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற மெஷின்களுக்குச் செய்த மாதிரியே இதற்கும் செய்தேன். நாடாவைப் பிரித்தேன். மூட்டைத் துடைத்தேன். சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணியால் இறுக்கிக் கட்டினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அந்த இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன். இறங்கி வந்து எல்லாரோடும் பொரி கடலை சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வாசலுக்குப் போய்விட்ட மாதிரி. பேட்டரிதான் என்று நினைத்து மாற்றிப் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. நல்ல மழை பெய்த நாள்களில் மோசமாகவும், வெயில் அடித்த நாள்களில் சுமாராகவும் இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் காரணம் தெரியவில்லை. மூன்றாவது ஞாயிறு எனக்கு இரைச்சல் மட்டுந்தான் கேட்டது. இரைச்சலுக்குள்ளே எங்கோ 'ஆமா' என்று ஒரு சொல். அவளாகத்தான் இருக்க வேண்டும். நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக டீ மேக்கர் ஐயா முன்னால் உரக்கப் பேசினேன். "வலி கண்டா ஒடனே சொல்லணும், கேக்குதா? ஒடனே சொல்லணும்" என்று கத்தினேன். மறுபடியும் 'ஆமா' மட்டும் வந்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. ஐப்பசி பிறந்துவிட்டது. டீ மேக்கர் ஐயா கொழும்புக்கு எழுதிப் போட்டார்.

மாத்தயா ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கித் தோட்டத்து லொறியில் வந்து சேர்ந்தார். கையில் கருவிப் பை, லொறியில் இரண்டு கேபிள் சுருள்கள். நேராக ஆபீசுக்குள் போய்ப் பெட்டியின் முதுகில் இருந்த மூட்டைத் திருகிக் கழற்றினார். கேபிளின் வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் டீ மேக்கர் ஐயாவின் வெள்ளை மேசைத்துணியில் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. துணியில் மஞ்சளாகப் படர்ந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அது நான் கட்டிய துணியின் சாயம்.

"மழத் தண்ணி வெள்ளையால்ல இருக்கும். இது என்னப்பா மஞ்சளா?" என்று டீ மேக்கர் ஐயா குனிந்து பார்த்தார்.

மாத்தயா என்னைக் கூட்டிக்கொண்டு கூரைக்கு ஏறினார். நான் கட்டிய துணி மழையில் நனைந்து நனைந்து சாயம் போய் வெளுத்திருந்தது. அவிழ்த்தார். உள்ளே சந்தனம் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கத்தியால் கேபிளின் கறுப்புத் தோலைக் கீறிக் காட்டினார். நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிகளால் பின்னிய வலை. அந்த வலை பச்சையும் கறுப்புமாக அழுகியிருந்தது. திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி வலை தண்ணீரை இழுக்குமாம். துணி குடித்த மழையை வலை குடித்து, நூற்றிருபது அடியும் இறங்கி ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கிறது.

"அண்ணேட நோனா மேல இருக்காங்கதானே?" என்று கேட்டார். என் மனைவியைத்தான் கேட்கிறார். தலையாட்டினேன். "கீழ போய் நான் துரு என்று சொல்றேன். அண்ணே பேசவேண்டாம்" என்றார். அந்த இளவயசுக்காரருக்கு எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய தலையெழுத்து இல்லை. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு என்ஜின் ரூமில் இரண்டு சுருள்களையும் என் முன்னால் வைத்தார். ஒன்று பழையது மாதிரியே கறுப்புக் கேபிள், புதுசு. வேண்டிய நீளம் இருந்தது. வளைத்தால் வளையும், மடக்கினால் மடங்கும். பெட்டி ஆபீசில் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மற்றதைப் பார்த்தால் கேபிள் மாதிரியே தெரியவில்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. வலைக்குப் பதிலாக முழுச் செம்புக் குழாய். அதற்குள் வெள்ளை பிளாஸ்டிக், அதற்குள் கம்பி. வேறெங்கோ ஒரு வேலையில் மிஞ்சியது, முப்பத்தைந்து அடிதான் இருந்தது. அதை வைத்தால் பெட்டி ஏரியலுக்குக் கிட்டே, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் போக வேண்டும். நீளமான செம்புக் கேபிள் வேண்டுமானால் எழுதிப் போட்டு வர இரண்டு மாதம் ஆகும்.

இரண்டும் வேலை செய்யும் என்றார். இவ்வளவு வேகமான அலைக்குக் கேபிள் நீளமாக இருந்தால் வழியிலேயே சத்தம் கசிந்துபோகுமாம், வலையில் கூடுதலாக, குழாயில் குறைவாக. எனக்கு அது சட்டென்று விளங்கியது. மலையில் எடை போட்ட கொழுந்து ஸ்டோருக்கு வந்து சேரும்போது அதே எடையில் இருக்காது, தூரம் கூடினால் குறைச்சலும் கூடும். குழாய்க் கேபிளை ஒரு தடவைதான் வளைக்கலாம், அதுவும் மெதுவாக, பெரிய வட்டமாக. வெடுக்கென்று மடக்கினால் உள்ளே நசுங்கிவிடும், நசுங்கிய இடத்தில் குரல் திரும்பிப் போய்விடும். சுருளாக வந்ததை ஒரு தடவை மெல்ல நீட்டலாம், வளைத்து முடித்ததை நிமிர்த்தக் கூடாது. சூடான காற்றுக் குழாய் பக்கம் கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பாத்துக்கிறது அண்ணேதானே. அண்ணே சொல்லுங்க, எது?" என்றார்.

என்னிடம் அதுவரைக்கும் யாரும் எது என்று கேட்டதில்லை. எதைச் செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கேபிளையும் கையில் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"இந்தக் கறுப்புக்குச் சுத்துற நாடா எத்தன நாளு தாங்கும் மாத்தயா?"

"கொழும்புல ரெண்டு வருசம்."

"இங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மூடுபனி உள்ளே வரப் பார்த்துக்கொண்டிருந்தது. 

"இந்தச் செம்பு பச்ச புடிக்குமா?"

"வெளிய பிடிக்கும். அது பரவாயில்ல. உள்ள போக வழி இல்ல."

மேல்மாடியை நினைத்துப் பார்த்தேன். அங்கே அடுக்கடுக்காகச் சாக்குத் தட்டுகளில் கொழுந்து பரப்பிக் கிடக்கும். வெதுவெதுப்பான இடம்தான், ஆனால் காய்ந்த இடம் இல்லை. ராத்திரி பகலாகக் கொழுந்து விடுகிற ஈரமெல்லாம் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. சுவரில் கையை வைத்தால் வேர்த்திருக்கும். குடிக்கிற கேபிள் எதுவானாலும் அங்கே குடிக்கும். இதைச் சொன்னபோது மாத்தயா தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

குழாய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை டீ மேக்கர் ஐயாவிடம் சொல்ல வேண்டும்.

அவருக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு பிரியம். பின்னல் வேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்தார். வேறு தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் துணியை விலக்கிக் காட்டுவார். மாத்தயா துரு என்று சொன்னதை நம்பி, "அப்ப புதுக் கேபிளப் போட்டுக் கெளம்புங்க, பெட்டி இங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். மாத்தயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயாவிடம் நான் நாலு சொல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"அது துரு இல்லீங்க ஐயா" என்றேன். "நான்தான் நாடாவப் பிரிச்சுச் சந்தனம் வெச்சு மஞ்சத் துணி கட்டுனேன். பூச அன்னைக்கு."

அவர் மேசைத்துணியில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார்.

"ஒரு முழத் துணி குடிச்ச ஈரம் நூத்தியிருவது அடி எறங்கியிருக்குங்க. நாடா என்னைக்காவது விரியும். நான் விடாட்டியும் மழ விடும். இன்னும் பத்து நாளுல வீட்டுல வலி கண்டுரும். போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுங்க ஐயா. பெட்டி மேல்மாடிக்குப் போகட்டும். அந்தக் கொழாய் வயரப் போடச் சொல்லுங்க."

 அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு கோப்பையை எடுத்தார், ஆறிப்போயிருந்தது, கீழே வைத்தார்.

"ஒண்ணையும் விட்றாதீங்கன்னு சொன்னவன் நான்" என்றார். பிறகு, "மேல்மாடியில யாருப்பா பெட்டிகிட்ட உக்காருவா? நீ என்ஜினப் பாப்பியா, அதப் பாப்பியா?" என்று கேட்டார்.

 பதில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. கொழுந்து பரப்புகிற பெண்கள் மூன்று பேர் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "நாங்கதான் பகலு பூரா அங்கன கெடக்கோமே ஐயா. பெட்டி கூப்புட்டா இவரக் கூப்புடுறோம். படியில நின்னு ஒரு சத்தம் போட்டா டிக்கோயாவுக்கே கேக்கும்" என்றாள் அவர்களில் மூத்தவள். டீ மேக்கர் ஐயா சிரித்துவிட்டார். பின்னல் துணியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்து, "இதயும் மேல கொண்டு போ" என்றார்.

மறுநாள் நானும் மாத்தயாவும் குழாய்க் கேபிளைப் போட்டோம். போகிற வழியை முதலில் நூல் பிடித்து அளந்தோம். இரண்டே வளைவுகள் போதும் என்று தெரிந்தது. வளைக்க ஒரு பெரிய வட்டம் வேண்டும். என்ஜின் ரூமில் பெல்ட் ஓடித் தேய்ந்த பழைய மரப் புல்லி ஒன்று கிடந்தது. அதை மாடிக்கு உருட்டிக்கொண்டு போய், கேபிளை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக வளைத்தேன். செம்பு முதலில் முறுக்கிக்கொண்டு நின்றது, பிறகு இணங்கியது. முதல் வளைவு அழகாக வந்தது. இரண்டாவதை ஓர் அடி தள்ளி வளைத்துவிட்டேன். நிமிர்த்தக் கூடாது என்பதால் அப்படியே விட வேண்டியதாயிற்று. அதனால் கேபிள் சுவரில் முழங்கால் உயரத்தில் வந்து முடிந்தது. பெட்டியைத் தரையோடு ஒரு பலகையில் வைத்தோம். பேச வேண்டுமானால் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, குனிந்துதான் உட்கார வேண்டும். "தொரமாரு வந்தாலும் இதுக்குக் குனிஞ்சுதான் ஆகணும்" என்று அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

நுனியை மெல்லிய ரம்பத்தால் சுற்றிச் சுற்றி அறுத்தோம், நசுங்காமல். கூரையில் இணைப்பை மாட்டி மெழுகு ஊற்றி அடைத்து, மேலே நாடா சுற்றினார் மாத்தயா. பிறகு, நான் கேட்காமலே, குங்குமச் சிமிழை எங்கிருந்தோ வாங்கி வந்து, இரும்புக் குழாயின் அடியில், கேபிளுக்குத் தூரத்தில், ஒரு பொட்டு வைத்தார். "இங்க வைக்கலாம்" என்றார்.

பத்து மணிக்குக் கணக்கப்பிள்ளை பேசினார். அவர் வெற்றிலை மெல்வதுகூடக் கேட்டது.

வலி கண்ட செய்தி ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றுக்கு வந்தது. மேல்மாடிப் படியில் நின்று அந்த மூத்த பெண் போட்ட சத்தம் என்ஜின் ஓசையையும் தாண்டி எனக்குக் கேட்டது. ஓடினேன். கணக்கப்பிள்ளை, "இப்பத்தான்ப்பா ஆரம்பிச்சிருக்கு. ஒங்க அத்த பயப்படுது. டாக்டர் ஐயாவ அனுப்பு" என்றார். பத்து நிமிஷத்தில் டாக்டர் ஐயா பையோடு லொறியில் ஏறிவிட்டார். நானும் ஏறப் போனேன். டாக்டர் ஐயா கையை நீட்டித் தடுத்தார். "நீ வந்து என்ன செய்யப் போறே? பெட்டிகிட்ட இரு. மேல எதாச்சும் மருந்து வேணும்னா நான் ஒங்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

அந்தக் கேபிளை நானே தேர்ந்தெடுத்தேன், நானே வளைத்தேன், அதன் நுனியில் நானே கட்டுண்டு உட்கார்ந்தேன். அப்படித்தான் இருந்தது அன்றைக்கு.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டாம் மைலில் ரோடு சரிந்து கிடப்பதாகவும், டாக்டர் ஐயா லொறியை விட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருப்பதாகவும் மேலே ஓர் ஆள் சொல்லக் கணக்கப்பிள்ளை எனக்குச் சொன்னார். மூன்று மணிக்கு முன்பே டாக்டர் ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு நெடுநேரம் பெட்டி பேசவில்லை. கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. பெண்கள் கொழுந்தைக் கிண்டிவிட்டுக்கொண்டே அடிக்கடி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். என்னை யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து மணி சுமாருக்குப் பெட்டி கறகறத்தது.

"பொம்பளப் புள்ளப்பா" என்றார் கணக்கப்பிள்ளை. "குறுக்கதான் கெடந்துச்சாம். டாக்டர் ஐயா திருப்பி எடுத்துட்டாரு. இன்னும் அர மணி நேரம் போயிருந்தா ஆபத்துன்னாரு. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. ஏம்பா, கேட்டுச்சா?"

நான் பொத்தானை அழுத்தினேன்.  விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். அந்த மூத்த பெண் என் கையிலிருந்து அதை வாங்கிக் குனிந்து, "கேட்டுச்சுங்க ஐயா. அழுதுக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் டீ மேக்கர் ஐயா மேல்மாடிக்கு வந்தார். கனத்த உடம்பு, படி ஏறினால் இளைக்கும். கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் முனகிக்கொண்டே உட்கார்ந்து, "இன்னைக்கு இங்க நான் இருக்கேன். நீ போய்ட்டு வா" என்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சரிவுக்கு மேலே சுற்றி, நனைந்த தேயிலைக்குள் நுழைந்து நடந்தேன். ஒன்பதரைக்கெல்லாம் போய்விட்டேன்.

அத்தை பிள்ளையை மடியில் வைத்திருந்தார். மனைவி விழித்திருந்தாள். வெந்நீர் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அத்தை பிள்ளையை அவளருகில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் பாயோரம் உட்கார்ந்தேன்.

"அந்த ரெண்டு ஞாயித்துக்கெழமையும் எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க" என்றாள் அவள். "ஒரே எரைச்சல். நீங்க எதாவது கேப்பீங்கன்னு சும்மா ஆமா, ஆமான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"கணக்கப்பிள்ளை ஐயாகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க பயந்துருவீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்கையில், அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. கூரையில் நான் செய்த காரியத்தை அவளிடம் சொன்னேன். மஞ்சள் துணி என்றதும் சிரித்தாள், சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். ஆபீசுக்குப் போனேன். பெட்டியில் டீ மேக்கர் ஐயாவின் குரல், அடுத்த அறையில் இருந்து பேசுவது போல. அவருக்குப் பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

"போய்ச் சேந்துட்டியா? புள்ள யாரு மாதிரிப்பா?"

நான் பொத்தானை அழுத்தினேன்.

"இன்னும் தெரியலீங்க ஐயா. ரொம்பச் சின்னதா இருக்குங்க" என்றேன். பொத்தானை விட்டுவிட நினைத்தேன், விரல் எழவில்லை. "தலை நெறைய முடி இருக்குங்க. வெரலு அஞ்சும் அஞ்சுமா நீளமா இருக்கு. நகமெல்லாம் முளைச்சிருக்குங்க ஐயா, இவ்வளவு சின்னக் கையில" என்று சொல்லிக்கொண்டே போனேன். பேட்டரி தீர்ந்துவிடும் என்று கணக்கப்பிள்ளை தோளைத் தட்டினார். காதையும் கன்னத்தையும் இன்னும் சொல்லவில்லை. நான் பொத்தானை விடவில்லை.